எறும்பு விஷயத்தில் மட்டும்

என் அக்கா வீட்டுக்காரர் பொய் பேசுவார் என்பதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கைமணம் வரும், அவருக்குப் பொய் வந்தது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லராக வடக்கே போய்ப் பாதி ஆயுளை அங்கேயே கழித்தவர். எங்கள் பக்கத்து ஆட்கள் போர் போடாத மாநிலம் இந்தியாவில் கிடையாது. இவருக்கு வாய்த்தது ராஜஸ்தான். மழைக்காலத்தில் வேலை ஓய்ந்ததும் கருவாடு மாதிரி காய்ந்து வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ஆயரத்து எரநூறு அடியில, அம்மிணி, பைப்பு வழியா மீனு வந்துச்சு."

"உசுரோடயா மாமா?"

"துள்ளுதுங்கறேன். விராலுன்னு நெனச்சராத, கெளுத்தி. எங்க மேனேசரு அன்னிக்கே கொழம்பு வெச்சாப்ல. ஒரு முள்ளு இல்ல. இருட்டுலயே வளந்த மீனு பாரு."

இருட்டில் வளர்ந்தால் முள் ஏன் இருக்காது என்று கேட்கத் தோன்றாது. அவர் பொய்யின் தரம் அப்படி. எந்தச் சட்டியில் குழம்பு வைத்தார்கள், புளி எங்கே வாங்கினார்கள், சட்டியைக் கழுவியது யார் என்பது வரைக்கும் அதில் இருக்கும். கேட்டு முடித்தால் நமக்கே ஏப்பம் வரும். ஒட்டகம் ஒன்று அவர் விசிலுக்குக் கட்டுப்பட்டுக் கம்ப்ரஷர் பக்கத்தில் காவல் இருந்ததும், ஒரு ராஜ வம்சத்துக்காரர் இவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டதும், அந்தத் தலைப்பாகை ரயிலில் தொலைந்துபோனதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரு வருஷம் வந்தவர் எறும்புக் கதை ஒன்று சொன்னார். ஓணான்கூட நிழலுக்கு ஒதுங்குகிற உச்சி வெயிலில் அங்கே ஓர் எறும்பு தனியாக வெளியே வருமாம். கால் நீளமாம். உடம்பைத் தூக்கிக்கொண்டு சுடுமணலில் ஓடுமாம். வெயில் தாங்காமல் செத்த பூச்சியைத் தேடி அங்கும் இங்கும் அலைந்து, கிடைத்ததும் வந்த வழியே திரும்பாமல், நூல் பிடித்தாற்போல நேராக வளைக்குப் போகுமாம்.

இந்த முறை பிடித்துவிடலாம் என்று போனை எடுத்துத் தேடினேன். அப்படியே இருந்தது. காலின் நீளம், நேர்க்கோடு எல்லாம் அவர் சொன்ன மாதிரியே. அவர் இட்டுக்கட்டியது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. விடாமல் அவருடைய பழைய எறும்புக் கதைகளையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் மெய். மீன் பொய், ஒட்டகம் பொய், தலைப்பாகை பொய். எறும்பு மட்டும் மெய். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. ரிக் வேலைக்குப் போகிறவர்கள் வண்டி நிற்கிற புதர்க்காட்டிலேயே படுப்பார்கள். முதல் வருஷம் இவர் பார்த்துச் சொன்ன இடத்தில் எல்லாரும் பாய் விரித்திருக்கிறார்கள். அது எறும்பு வளை. மேனேஜரிலிருந்து சமையல்காரர் வரை வேட்டியை உதறிக்கொண்டு ஆடிய ஆட்டத்தை அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு குச்சியோடு போய், எது கடிக்கிற சாதி, எது சும்மா போகிற சாதி, வளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது இவர் வேலையாகிவிட்டது. பொய் சொன்னால் உடனே கடிக்கிற விஷயம் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இந்த நேர்மையால் எனக்கு ஒரு மாப்பிள்ளை போனான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா ஊரில் இருந்தார். எனக்காக மனதாரப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உரக்கப் பேசவே மாட்டேனாம். பெரியவர்கள் எதிரில் உட்கார மாட்டேனாம். அதுவரைக்கும் எல்லாம் சுகம். அப்போது பையனின் அம்மா சுவரில் போகிற பொடி எறும்புகளைப் பார்த்துவிட்டு, "அட, புள்ளையார் எறும்பு! நல்ல சகுனமுங்க, ஊட்டுக்கு லட்சுமி வரப்போறா" என்றார். என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா எழுந்தார். சுவரிடம் போய் உற்றுப் பார்த்தார்.

"இல்லீங்க்கா. புள்ளையார் எறும்பு கண்ட பக்கம் ஓடும். இது வரிசை தப்பாமப் போவுது பாருங்க. இது வேற. நசுக்கினா நாறும்."

சொன்னதோடு விட்டாரா? ஒன்றை நசுக்கி, விரலை அந்த அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். "செவுத்துக்குள்ள ஈரம் எறங்குதுங்க. அதுக்குத்தான் வந்திருக்குது." அந்த ஈரத்தை மறைக்கத்தான் அப்பா முந்தின வாரம் வெள்ளையடித்திருந்தார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஐப்பசி மழையில் அந்தச் சுவரின் பூச்சு பொத்தென்று பெயர்ந்து விழுந்தது. பிறகு எடப்பாடியில் தறி வைத்திருப்பவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இதற்காக மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பார் என் கணவர். நான் சொன்னதில்லை.

என் அம்மாவும் ஒருமுறை பட்டிருக்கிறாள். காதுகுத்து விருந்தில் மாமா சாம்பாரை முடித்து ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டிருந்தார். அம்மா சர்க்கரை டப்பாவில் ஏறிய எறும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது என்ன சாதி என்று இவர் சொல்ல ஆரம்பித்ததும், "எதுவா இருந்தா என்னங்க மாப்ள, எல்லாம் எறும்புதான?" என்றாள். பாவம், யதார்த்தமாகத்தான் சொன்னாள். மனுஷர் பாதி இலையில் எழுந்துவிட்டார். கையைக் கழுவிவிட்டுப் போனவர் அடுத்த தீபாவளி வரைக்கும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ரிக் முதலாளி சம்பளத்தைப் பிடித்தபோதுகூட இவ்வளவு ரோஷம் வந்ததில்லை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

முழங்கால் தேய்ந்து, இனி ரிக்கில் நிற்க முடியாது என்று ஆன பிறகு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். நாமகிரிப்பேட்டைக்கு வெளியே அவருக்கு ஒரு மேட்டாங்காடு உண்டு. வானம் பார்த்த நிலம், பாதி வேலமரம், மீதி கொழுக்கட்டைப்புல். அதில் ஒரு வீடு கட்டிக் குடிபோவதுதான் அக்காவின் ஒரே ஆசை. அவர் வடக்கே இருந்த காலமெல்லாம் அவள் டவுனில் வாடகை வீடு மாறி மாறிக் குடியிருந்தவள். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்காதே, தண்ணீரை அதிகம் புழங்காதே என்ற பேச்சு.

வீடு எப்போது எழும்பும் என்ற கவலை அக்காவுக்கு. மாமா காலையிலேயே ஓர் ஈர்க்குச்சியோடு காட்டுக்குப் போய்க் குந்திக்கொள்வார். அங்கே இருக்கிற ஒவ்வொரு வளைக்கும் அவராக ஒரு பேர் வைத்திருந்தார். வாசலைச் சுற்றிக் கொழுக்கட்டைப்புல் உமியை வட்டமாகக் குவித்து வைப்பவர்கள் விதைக்காரங்க. வளை வாயில் குருவி இறகைச் செருகி வைக்கிறவர்கள் இறகுக்காரங்க. கறையானைத் தின்பதற்கென்றே கறுப்புச் சாரையாகக் கிளம்பிப் போகிறவர்கள் ஊர்வலக்காரங்க.

எனக்கு ஏழரைச் சனி பிடித்தபோது அவரால் எனக்கும் ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது. பச்சரிசி மாவில் நாட்டுச் சர்க்கரை கலந்து சனிக்கிழமைகளில் எறும்புக்குப் போடச் சொன்னார் ஜோசியர். எடப்பாடியில் எங்கள் வீதி முழுக்க சிமெண்டு. ஆகவே மாவோடு அக்கா ஊருக்குப் பஸ் ஏறுவேன். சனி பகவானுக்கும் எனக்கும் நடுவில் மாமா நிற்பார்.

"அங்க போடாத அம்மிணி! அது கறி திங்கற சாதி. அதுகிட்ட மாவப் போட்டா மாவும் கெடக்கும், உன்ற சனியும் அப்பிடியே கெடக்கும். இங்க வா, இந்த வெதைக்காரங்க வாசல்ல போடு. தள்ளிப் போடு, கதவ அடைக்காத."

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு பொட்டு மாவு இருக்காது. சனி போனதோ இல்லையோ, மாவு போய்விடும்.

இனி தடத்து விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ரோட்டிலிருந்து மாமாவின் காட்டுக்குப் போக ஒரே ஒரு வண்டித்தடம். அது அவருடைய பங்காளியின் நிலத்தை ஒட்டிப் போகிறது. பங்காளி என்றால் சொந்தச் சித்தப்பா மகன்தான், மாமாவுக்குத் தம்பி முறை. இவர்கள் டவுனில் இருந்த காலத்தில் தடத்தில் நடமாட்டம் நின்றுபோய், நடுவில் ஒரு மண்மேடு எழும்பியிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பங்காளி அதற்கு மஞ்சள் துணி சுற்றினார். வெள்ளிக்கிழமைகளில் பாலும் முட்டையும் வைத்தார். பிறகு அம்மன் எல்லை என்று சொல்லித் தடத்தின் குறுக்கே இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டுவிட்டார். அம்மனுக்கும் சேர்த்துக் கொஞ்சம் நிலம் அவர் பக்கம் வந்தது. ஆள் வரப்பில் ஏறி நடந்து போய்க்கொள்ளலாம். நாகாத்தம்மன் இருக்கிற இடத்தில் செங்கல் லாரி ஏறலாமா? அக்கா தோண்டிய அஸ்திவாரக் குழியில் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்தியது.

கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீரும் என்று ஊர்க் கோயில் பெரியவர் நடுவில் வந்தார். அவர் சொன்ன கணக்கு எளிது. கறையான் கட்டியது என்றால் அது புற்று, அம்மன் இருக்கிற இடம், கை வைக்கக் கூடாது. எறும்பு குவித்தது என்றால் வெறும் மண், தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் பாலும் மஞ்சளும் ஊறி மேல்மண் காரை மாதிரி இறுகியிருந்தது. அடியில் எறும்பு வளையும் இருந்தது. வெட்டிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. கறையானா எறும்பா என்பது அவரவர் யாருக்குச் சொந்தக்காரர் என்பதைப் பொறுத்திருந்தது.

அப்போதுதான் பங்காளி எல்லார் எதிரிலும் சொன்னார்.

"வேற யாரும் வேண்டாமுங்க பெரியப்பா. எங்கண்ணனே பாத்துச் சொல்லட்டும். அவிய பேசறதுல ஒண்ணையும் நம்ப முடியாதுங்க. ஆனா எறும்பு விசயத்துல மட்டும் அவிய வாயில பொய் வராதுங்க. எறும்புன்னு சொல்லிட்டா நானே துணிய எடுத்துட்டு, வேலியையும் புடுங்கிக்கறனுங்க."

எங்காவது நடக்குமா இது? வழக்கில் எதிராளியையே நீதிபதியாக உட்கார வைக்கிறார். அது கறையான் புற்றுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் மேலும் சந்தேகமில்லை. என் மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வீடு கையை விட்டுப் போகப்போகிறது, இவர் பெருமையில் பூரித்து நிற்கிறார். அடுத்த நாள் காலையில் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று சனிக்கிழமை, நான் மாவோடு வந்திருந்தேன். மதியம் மாமாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"பாத்தாத்தான தெரியும்."

"உங்களுக்குப் பாக்காமயே தெரியும். கறையான்தான?"

மாமா சோற்றைப் பிசைந்தார்.

"கறையான் எறும்பே கெடையாது, அது கரப்பான் வகையறான்னு நீங்கதான எத்தன நாளா ஓதுனீங்க? அப்பக் கரப்பான் வகையறாவப் பத்தி ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சா போவுது?"

எனக்கு வாதம் பிடித்திருந்தது. மாமா உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"எறும்பு கட்டாதத எறும்பு கட்டுச்சுன்னு சொன்னா, அது எறும்பப் பத்தின பொய்தான புள்ள."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"மீனுன்னீங்க, ஒட்டகம்னீங்க, ராசா குடுத்த தலப்பான்னீங்க. ரிக்கு ஆளுங்களுக்கு, டீக்கடைக்காரனுக்கு, பஸ்சுல பக்கத்துல குந்தறவனுக்கு, அத்தன பேருக்கும் பொய் பேசுனீங்க. எனக்குன்னு ஒரு பொய் பேசியிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு பேசுங்க. நான் கேட்டது எதையும் நீங்க தந்ததில்ல. இத மட்டும் தாங்க."

அவள் அழவில்லை, எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மாமா கை காய்கிற வரைக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஊரில் பாதி தடத்தில் நின்றது. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டின் அருகில் மண்டியிட்டார். மஞ்சள் துணியை ஒதுக்கினார். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரிசலாகத் தொட்டுப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். ஓர் இடத்தில் மண் புதிதாக, ஈரமாக இருந்தது. அதை நகத்தால் லேசாகப் பெயர்த்தார். உள்ளே வெள்ளையாக, சோற்றுப் பருக்கை போல இரண்டு மூன்று, வெளிச்சம் பட்டதும் உள்ளே நகர்ந்தன. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பெயர்த்த மண்ணைத் திரும்ப அதே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

எழுந்து நின்றார்.

"எறும்புங்க."

அவ்வளவுதான். எந்த எறும்பு, என்ன சாதி, எங்கிருந்து வந்தது, எதைத் தின்கிறது, ஒன்றும் இல்லை. குழம்புச் சட்டியைக் கழுவியவன் வரைக்கும் விவரம் சொல்லிப் பொய் பேசுகிற மனுஷர், ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அவரைத் தெரிந்த எவருக்கும் அது போதும், பொய் என்று. ஆனால் பங்காளி ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பாத்துக்கிட்டியா சாமி?" என்று பெரியவர் பங்காளியைக் கேட்டார்.

பங்காளி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து மஞ்சள் துணியை எடுத்து, மண்ணை உதறி, நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே வேலியையும் பிடுங்கிக்கொண்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அன்று அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. முதல் தள்ளிலேயே மேடு பிளந்து, உள்ளே தேன்கூடு போல அறை அறையாகத் தெரிந்தது. கறையான் அரிசி கொட்டினாற்போல வெள்ளையாகச் சரிந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "தள்ளுங்க தம்பி" என்றாள் அக்கா. சத்தம் கேட்டுப் பங்காளியும் அவர் வரப்பில் வந்து நின்றார்.

வேலை முடிந்து நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வேலிக்காலிலிருந்து ஊர்வலக்காரர்கள் கறுப்புச் சாரையாக வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கறையானைக் கவ்விக்கொண்டு திரும்பினார்கள். நிலைமையைச் சமாளிக்க நான்தான் வாயைத் திறந்தேன். "மாமா, உங்க பேச்சக் காப்பாத்த ஆளுங்க வந்துட்டாங்க பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. பங்காளி கிட்டே வந்து, அந்தச் சாரையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதானுங்கண்ணா. எறும்புதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு கட்டியாயிற்று. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, மொட்டைமாடிக்குப் படி வைத்து, அக்கா ஆசைப்பட்டபடியே கட்டினாள். இஷ்டத்துக்கு ஆணி அடிக்கிறாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் முன்பு பார்த்ததில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்களிடம் மாமா மீன் கதை சொன்னார். கெளுத்தி முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் யாரோ இலை ஓரத்தில் ஊர்ந்ததைக் காட்டி இது என்ன எறும்பு என்று கேட்டதற்கு, கண்ணாடி போடவில்லை என்றார். அவர் எறும்பு பார்க்கக் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஏழரை இன்னும் முடியவில்லை. வழக்கம்போல ஒரு சனிக்கிழமை மாவோடு போனேன். மாமா புது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஈர்க்குச்சி எதுவும் கையில் இல்லை. மதில் ஓரமாக ஒரு புது வளை தெரிந்தது.

"மாமா, இதுல போடலாமுங்களா? இது எந்தச் சாதி?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கயோ ஒரு பக்கம் போடு அம்மிணி. எல்லாம் எறும்புதான்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி இலையில் எழுந்து போக வேண்டிய ஆள் இந்த முறை நான். போகாமல், மாவை அந்த வளை வாயிலேயே கொட்டிவிட்டு, அக்கா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது மாவு போட்ட இடத்திலேயே கிடந்தது. பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, பொருக்கு விட்டிருந்தது. கறி தின்கிற சாதி போலிருக்கிறது. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.